கட்டளைக்கு அசைவில்லை

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு கூட்டம் வைத்தார்கள். புதிதாக ஓர் ஈ.ஈ.ஜி. மெஷின் வந்திருக்கிறது. தலையில் ஒயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகத் திரையில் காட்டும் மெஷின். என் காலத்திலும் அதுதான். ஆனால் இந்தப் புது மெஷின் கோடுகளைத் தானே படித்து, ரிப்போர்ட்டையும் தானே எழுதிவிடுகிறதாம். அதற்குப் பூசை போட்ட கையோடு 'மனமும் மூளையும்' என்று ஒரு கருத்தரங்கு. கோயமுத்தூரிலிருந்து ஒரு தத்துவப் பேராசிரியர் வந்திருந்தார். அவர் ஒரு பக்கம், இரண்டு டாக்டர்கள் எதிர்ப்பக்கம். உடம்பு வேறு மனம் வேறா, இல்லை மூளை செய்யும் வேலைக்குத்தான் மனம் என்று பெயர் வைத்திருக்கிறோமா, நாளைக்கு மெஷினுக்கும் உணர்வு வந்துவிடுமா என்று மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு துண்டும் போர்த்தினார்கள். பேசச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பசியில் நான் பேசியிருக்க மாட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில், இப்போது என் நாற்காலியில் இருக்கும் ஷாலினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார், நீங்க காலம் பூராவும் மூளை அலையப் பாத்திருக்கீங்க. உங்களுக்கு என்னதானுங்க தோணுது? மனசு மூளைக்குள்ளதான் இருக்குதுங்களா?" என்றாள்.

"மொதல்ல ரசம் ஊத்தச் சொல்லு கண்ணு" என்று நழுவிவிட்டேன். அந்தப் பெண் லேசில் விடுகிற ஆளில்லை. வீட்டுக்குப் போன் செய்து, எழுதியாவது கொடுங்கள் என்றாள். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. நடந்ததுதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எனக்குச் சேவூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் முடித்ததும் எல்லாரையும் போலத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தேன். பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமித் தள்ளிவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் இந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பி ஈ.ஈ.ஜி. படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது ஊரில் பாதிப் பேர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு திரிந்துகொண்டிருந்தார்கள். என் கழுத்திலும் ஒன்று விழுந்தது. அவர்கள் மார்பையும் தோளையும் அளந்தார்கள், நான் தலையை அளந்தேன்.

தலையை அளப்பது சும்மா இல்லை. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து, உச்சி வழியாக, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் மேடுவரை டேப்பைப் பிடிக்க வேண்டும். பிறகு காதிலிருந்து காதுக்கு. கிடைத்த அளவைச் சதவீதக் கணக்கில் பிரித்துச் சிவப்புப் பென்சிலால் தலையில் குறி வைக்க வேண்டும். குறி வைத்த இடத்தைப் பிசுக்குப் போகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒரு தகடு இரண்டு விரற்கடை தள்ளிப்போனாலும் டாக்டர் வேறு இடத்து மூளையைப் படித்துக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் பெரிய விரோதி எண்ணெய். "தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு, எண்ணெய் வெக்காம வாங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே, பரட்டைத் தலையோடு போனால் மரியாதையா என்று, பளபளவென எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிக்கொண்டு வருவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வசந்தாமணி. மூளை நரம்பு டாக்டர். பொங்கலூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கம்பெனி வைத்துவிட்டார்கள், இவர் மட்டும் படிப்பு படிப்பென்று போய்விட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கூட்டுகிற அம்மாவிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். அதை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அந்த 'ங்க'வை வைத்தே ஆளைத் தலைகுனிய வைத்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "பாத்ததச் சொல்லுங்க தங்கவேலு. நெனைக்கறத நான் நெனச்சுக்கறனுங்க."

அந்தச் சட்டம் எனக்குப் புரிந்தது ஒரு பெண்ணின் கேசில். நந்தினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேண்டாம். சோமனூரிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோகிறவள், துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலை. நின்றவாக்கில் விழுந்து கைகால் வெட்டி இழுக்கும். கம்பெனியில் பாதிப் பேர் பேய் என்றார்கள், மீதிப் பேர் லீவுக்காக நடிக்கிறாள் என்றார்கள். என் மேஜையில் ஒயர்களோடு படுத்திருக்கும்போதே அவளுக்கு வந்துவிட்டது. உடம்பு கட்டிலையே உலுக்குகிறது, திரையிலோ வலிப்பு அலை ஒன்றுகூட இல்லை. தசை ஆடுகிற கிறுக்கல் மட்டும்தான். ஆட்டம் நின்றதும், விழித்திருக்கிறவளின் அலை அழகாக ஓடியது. நான் வெளியே வந்து, "மேடம், ஒண்ணுமில்லீங்க, நடிக்குதுங்க" என்றேன்.

"நடிக்குதுன்னு எந்தக் கோட்டுலீங்க தெரிஞ்சுது?" என்றார்.

"வலிப்பு அலை வரலீங்க."

"அப்ப அதச் சொல்லுங்க. வலிப்பு அலை வரலை. நடிப்புங்கறது நீங்க நெனச்சது."

அன்று ஓ.பி.யில் காத்திருந்தவர்களை வேறொரு டாக்டருக்கு மாற்றிவிட்டு, அந்தப் பெண்ணோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த சினேகிதி கரண்ட் அடித்து அவள் கண் முன்னாலேயே இறந்திருக்கிறாள். இவள் அழவேயில்லையாம், மறுநாளே வேலைக்குப் போயிருக்கிறாள். அழாத அழுகைதான் உடம்பை உலுக்குகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதவில்லை. வாரா வாரம் வரச் சொல்லிப் பேசினார். இழுப்பு குறைந்து குறைந்து நின்றுபோனது.

இந்தக் கேஸ் ஐ.சி.யூ. பின்னறையில் டீ குடிக்கும்போது பெரிய சண்டையானது. சண்டைக்கு எதிராளி டாக்டர் ஜெபராஜ். ஐ.சி.யூ.வைப் பார்த்துக்கொண்டவர், தூத்துக்குடிப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். "பாத்தியளா மேடம், மனசு உடம்பப் போட்டு ஆட்டுது. மனசுன்னு தனியா ஒண்ணு இருக்கப்போயித்தான ஆட்டுது?" என்றார்.

"மனசும் மூளை பண்ற வேலைதானுங்க டாக்டர். மூளை உடம்ப ஆட்டுது. நடுவுல இன்னொரு ஆளு எதுக்குங்க? தறி நின்னா துணி நின்னுபோகுது. துணி எங்கீங்க போச்சுன்னு யாராச்சும் தேடறாங்களா?"

"தறி நின்னா நெய்யுதவன் செத்தான்னா அர்த்தம்? அவன் வெளியில நின்னு பீடி குடிச்சிட்டு இருப்பாம்லா!"

இப்படியே வருசக்கணக்காக நடந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை, ஒரு நாளும் கோபித்துக்கொண்டதும் இல்லை. "என்னவே தங்கவேலு, நீரு சொல்லும்" என்று ஜெபராஜ் சார் என்னை இழுப்பார். நான் டம்ளர் கழுவப் போய்விடுவேன். யானைகள் சண்டையில் எலிக்கு என்ன வேலை?

இனி சுரேனின் கேஸ். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. சுரேனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரு சாயப்பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன் விழுந்துவிட்டான். அடி பட்டது மூளைத்தண்டில், அதாவது மூளையும் முதுகுத்தண்டும் சேருகிற இடத்தில். மேல் மூளையில் அவ்வளவு சேதம் இல்லை என்று ஸ்கேன் சொன்னது. ஆபத்தான கட்டம் தாண்டியது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பகலில் கண் திறந்திருக்கும், இமை பாதி தொங்கும், பார்வை எங்கேயும் நிற்காது. கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையவில்லை. வாயும் அசையவில்லை.

மூளைத்தண்டில் அடிபட்டால் சில பேருக்கு ஒரு கொடுமை நேரும். உள்ளே முழு நினைவு இருக்கும், உடம்பு மொத்தமும் பூட்டிக்கொள்ளும். கண்ணை மேலே, கீழே அசைப்பது ஒன்றுதான் மிஞ்சும். அதனால் அப்படிப்பட்டவர்களை "மேலே பாருங்க" என்று சொல்லிப் பார்ப்பது வழக்கம். டாக்டரம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே அந்தச் சந்தேகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸில் அவன் காதருகே குனிந்து, "தம்பி சுரேன், நான் டாக்டருங்க. கண்ண மேல தூக்குங்க பாக்கலாம்" என்பார். பிறகு அதையே இந்தியில் சொல்வார். நர்சுகளும் ஊசி போடும்முன், குழாயில் சளி எடுக்கும்முன் இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார்கள். அது டாக்டரம்மாவின் உத்தரவு. கண் சில நேரம் மேலே போகும், சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

அவனை வேலைக்குச் சேர்த்த மேஸ்திரி பங்கஜ், பீகார்க்காரன். திருப்பூருக்கு வந்து பல வருசமாகி நம்மைவிட நன்றாக 'ங்க' போடுவான். அவனும் வந்து படுக்கையருகில் நின்று தெளிவான இந்தியில் கத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. "நல்ல பையனுங்க சார். எது சொன்னாலும் தலைய ஆட்டுவான், எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டானுங்க" என்று அழுதான்.

நானும் ஒருமுறை ஈ.ஈ.ஜி. எடுத்தேன். விழித்திருக்கிறவனின் அலை மாதிரி ஒன்று பின்மண்டையில் ஓடியது. அதை மட்டும் வைத்து உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொல்ல முடியாது, தன்னுணர்வே இல்லாதவர்களுக்கும் அப்படி ஓடுவதுண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது லேசாக ஒரு மாற்றம் வந்த மாதிரி இருந்தது. "மேல பாருங்க" என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னபோது எதுவும் இல்லை. கேஸ் ஷீட்டில் 'கட்டளைக்கு அசைவில்லை' என்று ஏறியது.

வாரங்கள் போயின. கம்பெனி மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. "எங்களால ஆனதப் பாத்துட்டமுங்க. அவங்க ஊட்டுல கொண்டுவந்து விடச் சொல்றாங்க. அக்கா ஒருத்தங்க கெளம்பி வர்றாங்க, ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டனுங்க" என்றார். தொண்டையில் குழாய், அடிக்கடி சளி எடுத்தாக வேண்டும், இரண்டு மூன்று நாள் ரோட்டுப் பயணம். அந்தப் பயணத்தின் முடிவு என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அன்று டீ அறையில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. ஆன்மா உண்டென்று அடித்துப் பேசும் ஜெபராஜ் சார், "அனுப்பிருவோம் மேடம். வழியிலயே போயிருவான், எனக்குத் தெரியாமலா இருக்கு? அவன் ஆத்துமா இந்த உடம்புல மாட்டிக்கிட்டுக் கெடக்கு. சொந்தக்காரிகூடப் போவட்டும், விடுங்க" என்றார். மனசென்று தனியாக ஒன்றுமே இல்லை என்கிற டாக்டரம்மா அசையவில்லை.

"உள்ள யாரும் இல்லீன்னா அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. யாராச்சும் இருந்தா? முழிச்சிட்டு இருக்கற ஒருத்தனச் சாகறதுக்கு வண்டியேத்தி விட்டதா ஆயிருமுங்க. எனக்கு உறுதியாத் தெரியாம கையெழுத்துப் போடமாட்டனுங்க." என் பக்கம் திரும்பி, "அந்த அக்கா வர்ற அன்னைக்கு இன்னொரு ரெக்கார்டிங் எடுங்க தங்கவேலு. அதுதான் கடைசி" என்றார்.

அக்காவின் பெயர் சம்பா. பங்கஜ் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வந்தான். ஒல்லியான பெண், முகத்தில் ரயில் தூசி. கீழே வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. நான் அவள் வருவதற்கு முன்பே ஒட்டி முடித்துவிட்டேன். ஐ.சி.யூ.வில் எடுப்பது பெரிய பாடு. சொட்டு மருந்து பம்ப், காற்று மெத்தை மோட்டார், யாரோ சார்ஜ் போட்ட போன் எல்லாமே கோட்டில் வந்து விழும். ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கி, கோடு சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டும். சுத்தமானதும் டாக்டரம்மாவுக்குத் தலையசைத்தேன். அவர் சம்பாவை உள்ளே விடச் சொன்னார்.

அவள் வந்து அவன் கன்னத்தில் கை வைத்துப் பேச ஆரம்பித்தாள். பின்மண்டை அலை சட்டென்று அடங்கியது. முன்நெற்றிக் கோடுகள் துள்ளின. மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறியது. அவனுடைய வலது கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து, காதோரம் நான் ஒட்டியிருந்த பேஸ்ட்டை நனைத்தது.

"பாத்தியளா! உள்ளதான் இருக்கான்! அக்காவக் கண்ட சந்தோசத்துல அழுதாம்லா!" என்று ஜெபராஜ் சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நம்பினேன், மறைக்க ஒன்றுமில்லை.

டாக்டரம்மா மட்டும், "பொறுங்க. பழகுன குரலு. கன்னுக்குட்டிக்குக்கூட அது தெரியுமுங்க. சொல்றது அர்த்தமாகுதான்னு பாக்கோணும்" என்றார். பிறகு பங்கஜைப் பார்த்து, "மேல பாருன்னு அந்த அக்காவ இந்தியிலயே சொல்லச் சொல்லுங்க. இப்ப என்னமோ வேற மாதிரிப் பேசறாங்களே, என்ன பாஷைங்க இது?" என்றார்.

"இது அவங்க ஊட்டுப் பாஷைங்க மேடம். சந்தாலி. எனக்கே தெரியாதுங்க."

"தம்பிக்கு இந்தி நல்லாத் தெரியுமுங்களா?"

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமுங்க மேடம்" என்றவன், எதற்கும் இருக்கட்டும் என்று சம்பாவிடம் இந்தியில் கேட்டான். அவளுக்குச் சந்தையில் விற்றுப் பழகிய இந்தி கொஞ்சம் வரும். அவள் சொன்னதைக் கேட்டு அவன் முகம் சிறுத்துவிட்டது. "இவன் காட்டுப் பக்கத்து ஊர விட்டு வெளிய வந்ததே இப்பத்தானாமுங்க. சாய், பைசா, வா, போன்னு நாலு வார்த்தை தெரியுமாமுங்க. வேற தெரியாதாமுங்க."

 நம் ஊரில் வடக்கே இருந்து யார் வந்தாலும் இந்திக்காரன்தான். அந்த ஊரில் எத்தனை பாஷை இருக்கிறதென்று கேட்க நமக்கு அவசியம் வந்ததில்லை. அவனும் ஆட்டு ஆட்டென்று தலையை ஆட்டிச் சமாளித்திருக்கிறான். தலையாட்டினால் புரிந்தது என்று பங்கஜ் நினைத்திருக்கிறான். இத்தனை வாரமும் நாங்கள் மரியாதையாக, காதருகே குனிந்து, அவனுக்குத் தெரியாத இரண்டு பாஷையில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா கேஸ் ஷீட்டை வாங்கி, 'கட்டளைக்கு அசைவில்லை' என்பதற்கு முன்னால் 'தமிழிலும் இந்தியிலும் சொன்ன' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 

பிறகு நடந்த பரிசோதனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டாக்டரம்மா தமிழில் சொல்வார், பங்கஜ் இந்தியில் சொல்வான், சம்பா சந்தாலியில் சொல்ல வேண்டும். டாக்டரம்மா ஒரு விரல் காட்டினால் ஊர்க்கதை எதையாவது சொல்ல வேண்டும், ஆடு குட்டி போட்டது, மழை வந்தது, அந்த மாதிரி. இரண்டு விரல் காட்டினால் 'மேலே பார்' என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில். குரலுக்கு அசைகிறானா, அர்த்தத்துக்கு அசைகிறானா என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. அவனுக்கு விரல் தெரியாதபடி கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இமை தொங்கிக் கிடந்ததால் கண் அசைவை வெளியே நின்று நம்ப முடியாது. கண் மேலே போனால் முன்நெற்றிக் கோடுகள் இரண்டும் சேர்ந்து துள்ளும். அதனால் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

முதல் தடவை சம்பா ஆட்டுக்கதையிலேயே அழுதுவிட்டாள், எல்லாம் கெட்டது. இரண்டாவது தடவை பங்கஜ் ஆர்வத்தில், "அப்படித்தான், அப்படித்தான்" என்று நடுவில் கத்தினான். டாக்டரம்மா அவனை மூலையில் நிற்க வைத்து, "நீங்க இனி மூச்சுக்கூட விடவேண்டாமுங்க" என்றார். சம்பாவுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, மறுபடி ஆரம்பித்தார்.

ஒரு விரல். சம்பா பேசினாள். கோடு அமைதி.

மறுபடி ஒரு விரல். அமைதி.

இரண்டு விரல். சம்பா பேசி முடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.  முன்நெற்றிக் கோடுகள் இரண்டும் சேர்ந்து துள்ளி இறங்கின.

"வந்துச்சுங்க" என்றேன்.

"நெனப்பு வேண்டாம். மறுபடி பாக்கலாமுங்க."

விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினார். கதைக்கு அசையவில்லை. சொன்னதற்கு அசைந்தான். களைத்துப்போய் நடுவில் ஓரிரு முறை தவறவிட்டான், மற்றபடி சொன்ன போதெல்லாம் மேலே பார்த்தான். டாக்டரம்மா தலைமாட்டிலிருந்து முன்னால் வந்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, பங்கஜ் வழியாகச் சம்பாவைச் சொல்லச் சொன்னார். "தம்பி, நீங்க உள்ள இருக்கறது எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. இனி எங்கயும் அனுப்ப மாட்டோம்." சொல்லிவிட்டுக் கீழே போய் ஆம்புலன்சைத் தானே திருப்பி அனுப்பினார். ஜெபராஜ் சார் அன்று டீ குடிக்க வரவில்லை.

அப்புறம் நடந்தது பல பேருடைய உழைப்பு. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று பழக்கினார்கள். சம்பா ஊருக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டாள். மாதங்கள் போகப் போக ஒரு கை அசைந்தது, கழுத்து நின்றது, தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கடைசியில் குழறலாகப் பேச்சும் வந்தது. இப்படித் திரும்புகிறவர்கள் குறைவு என்பதையும் எழுதிவிட வேண்டும். அதற்குப் பின் ஐ.சி.யூ.வில் சேரும் ஒவ்வொருவருக்கும், வீட்டில் தாய் எந்தப் பாஷையில் பேசுவார் என்று முதலில் கேட்டு எழுதினார்கள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று சக்கர நாற்காலியில் அவனை ஐ.சி.யூ.வுக்குக் கூட்டி வந்தார்கள். எல்லாரும் கூடிவிட்டோம். ஜெபராஜ் சாரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏ பங்கஜ், அந்த நாளெல்லாம் அவன் எங்க இருந்தாம்னு கேளு. உள்ள எப்படி இருந்துச்சாம்?"

கேள்வி மூன்று பாஷை கடந்து அவனிடம் போய், பதில் மூன்று பாஷை கடந்து திரும்பி வந்தது. "இங்கயேதான் இருந்தானாமுங்க சார். எல்லாம் காதுல விழுந்துச்சாமுங்க. ஆனா செத்துப்போயிட்டோம்னு நெனச்சுட்டானாமுங்க. ஒடம்பு அசையல. வெள்ளைத் துணி போட்டவங்க குனிஞ்சு குனிஞ்சு பேசறாங்க. எல்லாருக்கும் இவன் பேரு தெரியுது. பேசறது மட்டும் ஒரு வார்த்தை வெளங்கல. செத்தவங்க ஊருல வேற பாஷையாட்ட இருக்குதுன்னு நெனச்சானாமுங்க."

எல்லாரும் சிரித்தோம். டாக்டரம்மாவே சிரித்தார். சுரேனும் கோணிய வாயோடு சிரித்தான்.

ஜெபராஜ் சார் விடவில்லை. "அக்கா குரலக் கேட்டதும் தெரிஞ்சிருக்கும்லா, உசுரோடதான் இருக்கோம்னு? அன்னைக்கு எம்புட்டுச் சந்தோசத்துல அழுதான்!"

பங்கஜ் கேட்டான். சம்பா தம்பியிடம் கேட்டாள். சுரேன் அவளையே பார்த்துக்கொண்டு சின்னதாக ஏதோ சொன்னான். சம்பா அதை இந்தியில் சொல்லவில்லை. அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பங்கஜ் இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் அவள் சொன்னாள். பங்கஜ் எங்கள் பக்கம் திரும்பினான்.

"சந்தோசத்துல இல்லீங்க சார். அக்காளும் செத்துட்டாளேன்னு அழுதானாமுங்க."